பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் படகில்: நாள் பார்ப்பது முதல் கரையேறுவது வரை

பிச்சாவரம் போய் வந்தவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர், "மோட்டார் படகுல ஒரு சுத்து, நாலு போட்டோ, மண்டை காயுற வெயில், அவ்வளவுதான்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இன்னொரு வகையினர் அடுத்து எப்போது போகலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே காட்டைத்தான். எந்தப் படகில் ஏறினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள், அப்போது தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம். இந்த மூன்றையும் சரியாகப் பிடிக்க உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். மற்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

இடம் எப்படிப்பட்டது

சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில், கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது பிச்சாவரம். வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம் கலக்கிறது. இந்த இரண்டு கழிமுகங்களுக்கும் நடுவே, சின்னச் சின்னத் திட்டுகளும் அவற்றைப் பிரிக்கும் எண்ணற்ற வாய்க்கால்களுமாகக் கிடப்பதுதான் இந்த அலையாத்திக் காடு, அதாவது உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் வளரும் மரங்களின் காடு. கிழக்கே ஒரு மணல்மேடு, அதைத் தாண்டினால் வங்கக் கடல். கடலிலிருந்து உப்புத் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. மேற்கே வயல்களில் பாய்ந்து வடிந்த நல்ல தண்ணீர் கான்சாகிப் வாய்க்கால் போன்ற வடிகால்கள் வழியாக வந்து சேர்கிறது. இரண்டும் கலக்கும் விகிதம் மாதத்துக்கு மாதம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கிட்டத்தட்ட இனிக்கும். சித்திரை, வைகாசியில் வாயில் வைக்க முடியாது.

2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. அதில் குறிக்கப்பட்டிருக்கும் பரப்பு சுமார் 1,480 ஹெக்டேர். நீங்கள் படகில் பார்க்கப்போவது அதில் ஒரு மூலையைத்தான். ஆகவே "முழுசும் காட்டுவாங்களா" என்ற கேள்வியைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

எந்த மாதம், எந்த நாள்

தை முதல் பங்குனி நடுப்பகுதி வரைதான் என் முதல் தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலூர்க் கரைக்கு மழை, புயல் காலம். வானிலை மோசமானால் படகு விட மாட்டார்கள். நம்பி வந்து படகுத்துறையில் குடையோடு நிற்க நேரும். ஆனால் இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கும் வெயில் நாளில் காடு பளிச்சென்று இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளூர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் இந்தச் சூதாட்டத்தை ஆடலாம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு வேண்டாம்.

கோடையில் போகக் கூடாது என்றில்லை. காலை முதல் படகில் ஏறி, பத்து மணிக்குள் கரையேறிவிட வேண்டும்.

நாள் விஷயத்தில் ஒரே விதிதான்: வாரநாள். ஞாயிறு, பள்ளி விடுமுறை, குறிப்பாகக் காணும் பொங்கல் அன்று அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். டோக்கனுக்குக் காத்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். இருபது படகு வரிசையாகக் கூச்சல் போட்டுக்கொண்டு போகும் வாய்க்காலில் எந்தக் கொக்கு உட்கார்ந்திருக்கும்?

போய்ச் சேர்வது

ரயிலில் வருவோர் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் சிதம்பரத்தில் இறங்க வேண்டும். சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. விடிகாலையில் போய்ச் சேர வேண்டும் என்றால் ஆட்டோவோ வாடகைக் காரோ பேசிக்கொள்வதுதான் நல்லது. போக, காத்திருக்க, திரும்பி வர எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். படகுத்துறையில் திரும்பி வர வண்டி தேடுவது சிரமம். சொந்த வண்டியில் சென்னை, புதுச்சேரியிலிருந்து வருவோர் கடலூர் வழியாக வரலாம்.

முதல் நாள் இரவே சிதம்பரத்தில் தங்கிவிடுவது உத்தமம். சென்னையிலிருந்து அதிகாலையில் கிளம்பி வந்தாலும் படகில் ஏறும்போது மணி பதினொன்று ஆகிவிடும். அந்த நேரத்தில் பறவையும் இருக்காது, நிழலும் இருக்காது.

ஏற்றமும் வற்றமும்

இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. பிச்சாவரத்து வாய்க்கால்களில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். இன்று காலை ஏழு மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்தால், ஒரு வாரம் கழித்து அதே ஏழு மணிக்கு வற்றிக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் கூடுதலாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிக் குறையும்.

நம் கிழக்குக் கரையில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். கடற்கரையில் நின்றால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பல வாய்க்கால்களின் ஆழமே இடுப்பளவு, மார்பளவு என்னும்போது, இரண்டு அடி ஏறினாலும் இறங்கினாலும் காடே வேறாகிவிடுகிறது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது மரக்கிளைகள் தலைக்கு மேல் கூரை போட்ட குறுகலான கிளை வாய்க்கால்களுக்குள் படகு நுழையும். வற்றியிருக்கும்போது அங்கெல்லாம் நுழைய முடியாது. அதற்குப் பதிலாகச் சேற்றுக்கரை வெளியே வந்து, நண்டும் மீனும் பறவையும் அங்கே சந்தை கூட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் தடவை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் ஏற்றத்தில் போகலாம். பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் போகிறவர்களுக்கு வற்றம். என்னைக் கேட்டால், பாதி ஏறிய தண்ணீரில் நுழைந்து, நிறையும்போது குறுகிய வாய்க்காலில் இருப்பதுபோல் கணக்குப் போடுவேன். முதல் பாதியில் சேற்றுக்கரை கிடைக்கும், இரண்டாம் பாதியில் குகை வாய்க்கால் கிடைக்கும்.

கடலூருக்கான ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் கடல் மட்டம் உயர்ந்த உடனே உள்வாய்க்காலில் உயராது. முகத்துவாரம் வழியாக நுழைந்து வர நேரம் பிடிக்கும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதம். அதனால் அட்டவணையை நாள் தேர்ந்தெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துறைக்குப் போனதும் ஒரு படகுக்காரரிடம், "அண்ணே, தண்ணி ஏறுதா வத்துதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே உங்களைப் பார்க்கும் பார்வை மாறும், சவாரியும் மாறும்.

கவுன்டரில்

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் அங்கே இருக்கிறது. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுபவை. அன்று கவுன்டர் பலகையில் எழுதியிருப்பதுதான் கணக்கு. சீட்டு வாங்காமல் வெளியே யாரோ "குறைச்சலா கூட்டிட்டுப் போறேன்" என்று அழைத்தால் போக வேண்டாம். மிதவைச் சட்டையும் இருக்காது, ஏதாவது ஆனால் பதில் சொல்ல ஆளும் இருக்காது.

இரண்டு வகைப் படகுகள். துடுப்புப் படகில் நாலைந்து பேர்; மோட்டார் படகில் இன்னும் கூடுதலான பேர். மோட்டார் படகு அகலமான வாய்க்கால்களில் வேகமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பும். துடுப்புப் படகுதான் குறுகலான சந்துகளுக்குள் போகும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், நேரமே இல்லாதவர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் துடுப்புப் படகையே சொல்வேன். மோட்டார் சத்தத்துக்கு நூறடி முன்னாலேயே பறவை எழுந்துவிடும். நீங்கள் பார்ப்பது அதன் முதுகை மட்டும்தான். பெரிய குடும்பமாக இருந்தால் ஒரு மோட்டார் படகுக்குப் பதில் இரண்டு துடுப்புப் படகு எடுங்கள்.

கால அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். துறையை விட்டதும் முதலில் ஓர் அகலமான நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டும். துடுப்புப் படகில் அதற்கே கணிசமான நேரம் போய்விடும். மிகக் குறுகிய சவாரி எடுத்தால் காட்டு வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பலகையில் உள்ளவற்றில் நீளமானதையோ அதற்கு அடுத்ததையோ எடுங்கள்.

பையில் என்ன

தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், நனைந்தாலும் பரவாயில்லை என்ற செருப்பு. நடுவழியில் கடை கிடையாது, கழிப்பறை கிடையாது. இரண்டையும் துறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இது முக்கியம். கைப்பேசிக்குத் தண்ணீர் புகாத உறையோ, குறைந்தபட்சம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரோ வேண்டும். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் கட்டாயம் எடுங்கள். குடை வேண்டாம், காற்றில் படகையும் தொந்தரவு செய்யும், பின்னால் இருப்பவர் கண்ணையும் குத்தும். தின்பண்டப் பாக்கெட்டுகளைக் கரையிலேயே பிரித்துத் தின்றுவிட்டு வாருங்கள். வேர்களுக்கிடையில் சிக்கிய பிளாஸ்டிக் உறையை அலை கொண்டுபோகாது, வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

ஏறுவதும் உட்காருவதும்

மிதவைச் சட்டையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டால் போதாது. முன்பக்கப் பட்டைகளை எல்லாம் இறுக்கிக் கட்ட வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் அளவு கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். கையைத் தூக்கச் சொல்லித் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள்; சட்டை காதுக்கு மேல் வந்தால் அது அளவில்லை. "தண்ணி இடுப்பளவுதான்" என்று சொல்லிக் கழற்றுகிறவர்கள் உண்டு. தண்ணீர் இடுப்பளவுதான், அடியில் இருக்கும் சேறு எவ்வளவு என்று காலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகு அடுத்தவர். படகின் நடுவில் காலை வையுங்கள், விளிம்பில் வைக்காதீர்கள். கனமானவர்கள் எதிரெதிரே சமமாக. உட்கார்ந்த பிறகு செல்ஃபிக்காகவும் எழுந்து நிற்க வேண்டாம். துடுப்புப் போடுகிறவர் முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேல் வழி பார்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலை பயம் சிலருக்கு இருக்கும். சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் குளத்திலும் வாய்க்காலிலும் முதலை பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். அவை கொள்ளிடம் பக்கத்து நன்னீர் முதலைகள். படகுச் சவாரியில் நீங்கள் கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றித்தான்.

காட்டுக்குள்: என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

அகன்ற நீரைத் தாண்டி முதல் வாய்க்காலுக்குள் திரும்பியதும் பேச்சைக் குறைத்துவிடுங்கள். படகுக்காரரிடம், "மெதுவா போலாம்ணே, அவசரமில்ல" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பயணிகள் வேகமாகத் திரும்பவே விரும்புவதால் அவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள்.

முதலில் மரங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தண்ணீர் விளிம்பிலேயே, பல கால்களை ஊன்றி நிற்பதுபோல் வில்லாக வளைந்த வேர்களோடு நிற்பது சுரபுன்னை. இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போலக் கிளையில் தொங்கும் பச்சைத் தண்டுதான் அதன் நாற்று. முற்றியதும் விழும். கீழே சேறு இருந்தால் குத்திட்டு நிற்கும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய் வேறெங்காவது கரையொதுங்கி வேர் விடும். படகோடு சேர்ந்து மிதந்துவரும் பச்சைத் தண்டைக் கண்டால் குச்சி என்று எண்ணி எடுத்து விளையாடாதீர்கள்.

சுரபுன்னையில் இங்கே ஒரு தனிக்கதை உண்டு. இரண்டு சுரபுன்னை இனங்கள் தாமாகக் கலந்து உருவான கலப்பினம் ஒன்றைப் பிச்சாவரத்தில் அடையாளம் கண்டு, 1995இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கதிரேசன் விவரித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்து அதற்கு ரைசோபோரா அண்ணாமலையானா என்று பெயர். படகிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது நமக்குக் கடினம். சில படகுக்காரர்களுக்கு அந்த மரம் நிற்கும் இடம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சுரபுன்னை வரிசைக்குப் பின்னால் வெளிர் பச்சையாகத் தெரிவது வெண்கண்டல். தண்ணீர் வற்றியிருக்கும்போது அதன் அடியில் பென்சில் நட்டதுபோலச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடைக்காது என்பதால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. இலை கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் அதைப் பறிக்காமல் விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியேற்றிவிடும். சுரபுன்னை அப்படி இல்லை. பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்து நிறுத்திவிடும்.

ஆனால் எந்த இலையையும் தொடலாம் என்று எண்ண வேண்டாம். இங்கே தில்லை மரமும் இருக்கிறது. ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உதிரும் முன் இலைகள் சிவப்பதால் கூட்டத்தில் அடையாளம் தெரியும். சிதம்பரம் நடராஜர் கோயிலின் தல விருட்சம் இதுதான். ஊருக்குத் தில்லை என்ற பெயரும் இதனால்தான். ஒருகாலத்தில் தில்லைவனமாக இருந்த ஊரில் இப்போது கட்டடங்கள். மரத்தைப் பார்க்க இங்கே வர வேண்டியிருக்கிறது. எந்த மரம் எது என்று உறுதியாகத் தெரியாதவரை, படகுக்காரர் தொடச் சொன்னதை மட்டும் தொடுங்கள்.

கிளைகள் கூரையாக மூடிய சந்துக்குள் போகும்போது தலையைக் குனியுங்கள், கையைப் படகுக்குள் வையுங்கள். வேர்களில் ஒட்டியிருக்கும் ஆளிச்சிப்பிகளின் விளிம்பு பிளேடு போல அறுக்கும். கிளையைப் பிடித்துத் தொங்கினால் படகு ஒரு பக்கமாகச் சாயும்.

இனி உயிர்கள். சேற்றுக்கரையில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக, அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடுவதுபோல் நிற்கும் சிறு நண்டுகளைத் தேடுங்கள். அந்தப் பெரிய கொடுக்கு ஆண் நண்டுக்கு மட்டும்தான். படகு நெருங்கினால் எல்லாம் வளைக்குள் போய்விடும். படகை நிறுத்தி இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அங்கேயே, கண்கள் தலைமேல் துருத்திய மீன்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் தத்திக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை காட்டில் இல்லை. மீன் தரையில் நடப்பதை நம்பவே மாட்டார்கள்.

பறவைகளில் சின்னக் கொக்கும் நீர்க்காகமும் செம்பருந்தும் எப்போதும் இருக்கும். அடர்ந்த கிளைக்குள் பகலெல்லாம் தூங்கி வழியும் வக்காவைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். பனிக்காலத்தில் கருந்தலை மீன்கொத்தியைத் தேடுங்கள்: தலை கறுப்பு, முதுகு அடர்நீலம், அலகு சிவப்பு. நம் ஊர்க் குளங்களில் அடிக்கடி காணக் கிடைக்காத இந்தப் பறவைக்கு அலையாத்திக் காடு பிடித்த இடம்.

மனிதர்களையும் பாருங்கள்

கழுத்தளவு தண்ணீரில், தலை மட்டும் தெரிய, சிலர் மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். இங்குள்ள இருளர் மக்கள் கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு நகர்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. அவர்கள் பக்கத்தில் போகும்போது படகை மெதுவாக்கச் சொல்லுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வேலைநேரம்.

காட்டில் சில இடங்களில் கோடு போட்டதுபோல நேரான வாய்க்கால்கள் தெரியும். அவை ஆறு வெட்டியவை அல்ல, மனிதர் வெட்டியவை. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டி மரம் எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்து தரை காய்ந்து அமிழ்ந்தது. அதில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு ஏறியது. பிறகு எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து 1990களில் இதற்கு வழி கண்டன. ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாக இருபுறமும் மீன் முள் வடிவில் கிளை வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றவற்றம் மறுபடி உள்ளே வந்துபோகும்படி செய்தார்கள். உப்பு கழுவிப் போனது, கரையோரம் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் வெண்கண்டல் மரங்களைக் கண்டால் அந்த நடவாக இருக்கலாம்.

2004 டிசம்பர் 26 பற்றிப் படகுக்காரர்கள் தாமாகவே பேசுவார்கள். மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற மீனவக் குடியிருப்புகள் சுனாமியில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர்க் கரையை ஆராய்ந்து 2005இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையும் மரங்கள் காத்ததாகவே சொன்னது. கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் முக்கியக் காரணம் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கோ மரங்கள்தான் காத்தன என்பதில் சந்தேகம் கிடையாது. சுனாமியில் வீட்டாரை இழந்தவர் உங்கள் படகுக்காரராகவே இருக்கலாம். அவராகப் பேசினால் கேளுங்கள், கிளறிக் கேட்க வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

கரையேறியதும் மிதவைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படகுக்காரர் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். வெயிலில் துடுப்புப் போடுவது லேசான வேலை இல்லை. துறையில் உள்ள பார்வைக் கோபுரத்தில் ஏறினால், நீங்கள் உள்ளே சுற்றிய வாய்க்கால்களுக்கு மேலே காடு எவ்வளவு தட்டையாக விரிந்து கிடக்கிறது என்பது தெரியும். ஏறும் முன் பார்ப்பதைவிட இறங்கிய பின் பார்ப்பதே மேல்.

காலைச் சவாரி என்றால் பத்து மணிக்குள் கிளம்பிவிடலாம். நடராஜர் கோயில் மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும் என்பதால் நேரே சிதம்பரம் போய்த் தரிசனத்தை முடித்துவிடுங்கள். அப்புறம் சாப்பாடு. சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி இருக்காது. கோயில் வீதிகளில் பூ விற்கும் அம்மாக்களிடம் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.